ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் இருந்தால் மட்டும் போதாது

"ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபியூஸ் இருக்கு, பேட்டரி பக்கம் தனியா ஒண்ணு வீண் செலவு" என்று, கார் மியூசிக் சிஸ்டத்தில் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் பொருத்துவது பற்றி ஒரு குரல் பதிவு தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து கார் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரை மட்டும்தான் காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வரை ஓடும் பாசிட்டிவ் ஒயரை யார் காப்பது? ஒயர் எஞ்சின் பக்கத் தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. அங்கே ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தகட்டு விளிம்பு உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். நம் ஆற்றங்கரைச் சாலைகளின் குலுக்கலில் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி கார் பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்த மின்சாரம் ஆம்ப்ளிஃபயர் வரை போவதே இல்லை, அதனால் அதிலுள்ள ஃபியூஸும் போகாது. ஒயர் பழுத்து, கார் பற்றிக்கொள்ளும்.

பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள், ஒயர் தாங்கும் ஆம்பியருக்கு மிகாத ஃபியூஸ் போடுங்கள். வேலை முடியும்வரை பேட்டரி நெகட்டிவ் கழன்றே இருக்கட்டும்.

அப்புறம், "சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) பெட்டி கனம், தானே நிற்கும்" என்பதும் அதே பதிவில் வருகிறது. சடன் பிரேக்கில் அந்தக் கனம்தான் பின்சீட்டில் இருப்பவரின் முதுகை நோக்கி வரும். பிராக்கெட் வைத்து போல்ட் போடுங்கள். துளைக்கும் முன் அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.