செவ்வாய்ப்பேட்டைக்குக் காபிக் கடை வேண்டாம், கூரைக்கு ஓடு வேண்டும்

சேலத்தின் வெள்ளிக் கொலுசுப் பேட்டையான செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டைப் படம் எடுத்துப் போட்டால் போதும், "பழைய சேலம் போச்சே" என்று ஆளாளுக்கு வருத்தப்படுகிறோம். உடனே யாராவது பாண்டிச்சேரியை இழுப்பார். முகப்புக்கு வர்ணம் அடிக்கலாம், உள்ளே காபிக் கடை வைக்கலாம், சுற்றுலா வரும் என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

நம் பேட்டைகளில் வீடுதான் பட்டறை. ஒரு ஜோடி கொலுசு ஒரே வீட்டில் முடிவதில்லை. வெள்ளி உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம். கோத்துப் பொடி வைத்து, நெருப்பை ஊதிப் பற்றவைப்பது ஒரு வீட்டில் என்றால், சலங்கை வைப்பதும் மெருகு போடுவதும் வேறு வீடுகளில். சரக்கு சந்து சந்தாகக் கைமாறிப் போகும். கோக்கிற வேலையைப் பெண்கள் சமையலுக்கு நடுவே திண்ணையில் உட்கார்ந்தே முடித்துவிடுவார்கள். எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருப்பதால்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. திண்ணையை இடித்து ஷட்டர் போட்டால் அந்த வீட்டுக்கு ஒரு கூலி போய்விடும்.

சேலத்திலேயே குகை, அம்மாபேட்டை என்ற பகுதிகளில் நெசவு. குழித்தறிக்குத் தரையில் பள்ளம் வேண்டும். அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் எங்கே போய்க் குழி தோண்டுவது? பாவு, அதாவது தறியின் நீள நூலை, நீட்ட நீளமான வெளி வேண்டுமென்றுதான் பெரியவர்கள் பாவடி என்று பொது இடம் விட்டுவைத்தார்கள். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம், நல்லதுதான். ஆனால் அந்தக் குறியீடு ஒழுகுகிற கூரையை அடைக்காது.

வீட்டை இடிப்பவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பத்திரம் தாத்தா பெயரில் கிடக்கும். பங்காளிகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் திருப்பூரில். எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வங்கியில் கடன் பேச முடியாது. சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது. விற்றால் கணக்கு முடிந்தது! இடிப்பதைவிடப் பழுது பார்ப்பது சுலபம் என்ற நிலை வராதவரை எந்தப் புலம்பலும் ஒரு ஓட்டு வீட்டைக்கூடக் காப்பாற்றாது.

பழைய கட்டடங்களைக் காப்பதற்கான மாநிலப் பாரம்பரிய ஆணையத்தின் சட்டம் 2012-லேயே நிறைவேறியது, நடைமுறைக்கு வந்ததோ 2024-ல். நடுவில் 2016-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேலம் சேர்ந்தது, பழைய பஸ் ஸ்டாண்டு ஈரடுக்கானது. பேட்டைச் சந்துகள் அப்படியேதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டறைகளின் ஆசிட் புகை குழந்தைகள் தூங்கும் அறைக்குள்ளேயே வருகிறது, கழிவு சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றுக்குப் போகிறது. பாரம்பரியம் என்று சொல்லி இதை மூடி மறைக்கக் கூடாது. ஆசிட் வேலைக்கு மட்டும் சுத்திகரிப்பு வசதியோடு பக்கத்திலேயே பொதுப் பட்டறை கட்டட்டும். கோப்பதும் ஊதுவதும் வீட்டிலேயே இருக்கட்டும். மொத்தத் தொழிலையும் ஊருக்கு வெளியே தூக்கிப் போனால், குகையில் ஆடி மாதம் அலங்கார வண்டிகளில் சாமி வேஷத்தோடு வரும் வண்டி வேடிக்கைக்கு வேஷம் கட்ட யார் இருப்பார்கள்? காபிக் கடைக்கு வந்தவரா?

வார்டு மக்கள் குறை சொல்லக் கூடும் பகுதி சபை நடக்கும்போது சாக்கடையோடு சேர்த்து இந்த மூன்றையும் கேளுங்கள்: திண்ணையும் தறியும் இருக்கிற வீட்டுக்குச் சொத்துவரிச் சலுகை, கூரை பழுதுக்கு மானியம், மிச்சமிருக்கும் பாவடியை அளந்து கல் நடுவது. கவுன்சிலர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். மனுவாக எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.