ஸ்டாட்டிக் போட்டால் எந்த லினக்ஸிலும் ஓடுமா?

“ஜிசிசியில் ‘ஸ்டாட்டிக்’ ஆப்ஷன் சேர்த்து கம்பைல் செய்தால் போதும், உங்கள் சி புரோகிராம் எந்த லினக்ஸிலும் ஓடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஜிசிசி என்பது சி கம்பைலர்; ‘ஸ்டாட்டிக்’ என்றால் தேவையான லைப்ரரிகளையும் புரோகிராம் ஃபைலுக்குள்ளேயே சேர்த்துவிடுவது. செய்தி பாதிதான் சரி.

சி புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி ஜிலிப்சி. உபுண்டு லினக்ஸ் 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. புதியதில் சாதாரணமாக கம்பைல் செய்ததைப் பழையதில் ஓட்டினால், தேவையான ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று முரண்டு பிடிக்கும். இந்தத் தொல்லையை ஸ்டாட்டிக் தீர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் புரோகிராமில் ‘கெட்அட்ரின்ஃபோ’ (தளத்தின் பெயரை வைத்து ஐபி முகவரியைத் தேடும் ஃபங்ஷன்) இருந்தால், ஓடும் இடத்திலும் அதே ஜிலிப்சி பதிப்பின் ஷேர்டு லைப்ரரிகள் (தனி ஃபைல்களாக இருப்பவை) தேவைப்படும். கம்பைல் செய்யும்போதே லிங்கர் (புரோகிராமையும் லைப்ரரிகளையும் இணைக்கும் கருவி) இதை எச்சரிக்கிறது. வார்னிங்கை யார் படிக்கிறோம்?

அப்புறம் பிராசசர். இன்டெல் லேப்டாப்பில் உருவான ஃபைலை, வேறு வகை பிராசசர் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரும். ஸ்டாட்டிக்கோ இல்லையோ, கதை அதேதான்.

நீங்களே பார்க்கலாம்: ‘ஃபைல்’ கட்டளை எந்த பிராசசருக்கானது, ஸ்டாட்டிக்கா என்று காட்டும்; ‘எல்டிடி’ தேவையான லைப்ரரிகளைக் காட்டும். ஓட வேண்டிய சிஸ்டங்களில் ஆகப் பழையது எதுவோ, அதில் கம்பைல் செய்யுங்கள். இல்லையென்றால் ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரியோடு ஸ்டாட்டிக்காக இணையுங்கள். பெயர் தேடும் வேலையை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால், தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.