வண்டிக்கு முன்னாடி வந்து நிக்குது யோசனை

சின்னதா ஒரு கார் வாங்கினாலும் வாங்கினேன், அதுல கூடுதலா என்னென்ன மாட்டணும்னு ஆளாளுக்கு ஒரு பட்டியலோட வந்து நிக்கிறாங்க. "முதல்ல அலாய் வீல் போடு, அதான் அந்த உலோகக் கலவைச் சக்கரம், அதுவும் ரெண்டு இன்ச் பெருசா." போடலாம், டயரோட பக்கச்சுவர் ஒல்லியாகி, ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகுத்தண்டுல இறங்கும். அந்த அடியை யார் வாங்கிக்கிறது?

இன்னொருத்தர் ஹெட்லைட்டைப் பிடிச்சுக்கிட்டார். வண்டியோட வந்த ஹாலஜன் பல்பு போதாதாம், எல்இடி பல்பு மாட்டணுமாம். ஹாலஜனுக்குன்னு வடிவமைச்ச ரிஃப்ளெக்டர்ல, அதான் வெளிச்சத்தை முன்னாடி திருப்பற கிண்ணத்துல, வேற பல்பைச் சொருகினா, வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவங்க கண்ணைத்தான் கூச வைக்கும். வயரை வேற வெட்டி ஒட்டினா வாரண்டிக்கும் வேட்டு.

சீட் கவர்தான் எரிச்சலோட உச்சம். சீட்டோட ஓரத்துலயே 'ஏர்பேக்'னு குட்டியா ஒரு துணி லேபிள் தைச்சிருக்கு. கடைக்காரர் அதையும் சேர்த்து இறுக்கமா மூடித் தர்றேங்கிறார், அதுவும் பெருமையா! இடிபட்டா அந்தப் பை எந்த வழியா வெளிய வரும்? கேட்டா, "எல்லாரும் போடறாங்க சார்."

சரி, மிதியடி மட்டும் போதும்னேன். அதையும் பழசு மேலேயே போடச் சொல்றாங்க, ஆக்ஸிலரேட்டர்ல போய்ச் சிக்கறதுக்கு. ஸ்பாய்லர், அதான் காருக்குப் பின்னாடி மாட்டற இறக்கை, அதைப் பத்திப் பேச வந்தவரை நான் உட்காரவே சொல்லலை.