யார் சொன்னது, யாரிடம் சொன்னது?

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் நேற்று போன் செய்தார். மகளுக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் கிடைத்திருக்கிறதாம். "சேர்த்துவிட்டா இங்கிலீஷ் நல்லா பேச வந்துடும்ல தம்பி?" என்று கேட்டார். போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பேச வரலாம், வராமலும் போகலாம். அது மூன்று வருடத்தில் எவ்வளவு வாய் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு அதே பாடத்தில் சேர்ந்தவன் நான். எனக்கு அங்கே கிடைத்தது வேறு ஒன்று. இன்று நான் சம்பளம் வாங்குவதே அதை வைத்துத்தான்.

இரண்டாம் வருடத்தில் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' பாடமாக இருந்தது. 1842இல் வெளிவந்த கவிதை, 56 வரிதான். ஒரு பிரபு திரையை விலக்கி, இறந்துபோன மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே போகிறான். அவள் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள், என் குடும்பப் பெருமையும் ஊரார் கொடுக்கும் சின்னப் பொருளும் அவளுக்கு ஒன்றுதான் என்று குறைபடுகிறான். அப்புறம் ஒரு வரி வரும்: உத்தரவு போட்டேன், சிரிப்பெல்லாம் மொத்தமாக நின்றது. என்ன உத்தரவு? யாருக்கு? சொல்லவே மாட்டான்.

எங்கள் பேராசிரியை அந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டு, "இதை யார்கிட்ட சொல்றான்?" என்று மட்டும் கேட்டார். கையில் அகராதியோடு மறுபடி முதல் வரியிலிருந்து தேடினோம். கடைசிப் பகுதிக்கு வந்தபோதுதான் பிடிபட்டது: எதிரே இருப்பவர் அடுத்த கல்யாணம் பேச வந்திருக்கும் பெண் வீட்டுத் தூதர். சீர்வரிசைப் பேச்சுக்கு நடுவேதான் இத்தனையும் சொல்கிறான். வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

குறுந்தொகைப் பாடல்களுக்கு யார் கூற்று, யாரிடம் சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும். பள்ளியில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த குறிப்பு அது. அந்த ஒரு வரி மாறினால் பாட்டே மாறிவிடும் என்பது பிரௌனிங்கைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். போன வருடம் ஓர் அம்மா கைப்பட இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கணவரின் ஆஸ்பத்திரிச் செலவைத் தர மறுத்துவிட்டார்கள். கெடு தாண்டி பிரீமியம் கட்டியதால் பாலிசி காலாவதி என்று பதிலும் தயாராகிவிட்டது. நான் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். 'அடுத்த வாரம் கட்டினாலும் போதும்னு சொன்னாங்க' என்பது இரண்டு இடத்தில் வந்திருந்தது. சொன்னது யார் என்று இல்லை. போன் செய்து கேட்டேன். சொன்னவர் எங்கள் ஏஜென்ட். ஃபைலை மறுபடி திறந்தார்கள். முழுத் தொகை வரவில்லை, ஒரு பகுதி வந்தது.

நன்றாகப் படித்தவர்களுக்குக்கூட இப்படிக் கவனித்துப் படிப்பது தானாக வந்துவிடாது. 1920களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர்களின் பெயரைச் சொல்லாமல் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதி வாங்கினார். நேரடிப் பொருளையே தவறவிட்டவர்கள் ஏராளம். 1929இல் அதை ஒரு புத்தகமாகவே போட்டார். பழகினால்தான் வரும்.

நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கமே வாய்க்காமல் போவதுதான் எனக்கு ஆற்றாமை. செமஸ்டர் நெருங்கினால் கைடு வாங்குகிறார்கள். இப்போது சாட்ஜிபிடியிடம் சுருக்கம் கேட்கிறார்கள். 'பிரபு கர்வம் பிடித்தவன்' என்று ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு, கவிதையை ஒரு முறைகூட முழுசாகப் படிக்காமல் பட்டம் வாங்கிவிடலாம். எங்கள் கல்லூரியிலும் தேர்வுக் கேள்விகள் வருடா வருடம் சுற்றிச் சுற்றி அதேதான் வந்தன. பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வேலை பற்றியும் அண்ணன் கேட்டார். பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர், எம்.ஏ.வோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர், இல்லையென்றால் என்னைப் போல ஏதாவது அலுவலகம். எதுவும் சும்மா வராது.

அண்ணே, பாப்பாவைச் சேர்த்துவிடுங்கள். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அந்த 56 வரியையும் நகல் எடுத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். அகராதியும் நானே வாங்கி வருகிறேன். கைடு மட்டும் வேண்டாம்.