யார் செத்தது, அண்ணி?

(மைதிலி வீட்டுக் கூடம். சோபாவில் புத்தகங்கள் உட்கார்ந்திருப்பதால் ஆள் உட்கார இடமில்லை. கொழுந்தன் குமார், பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர், கையில் தடித்த நாவல் ஒன்றோடு நிற்கிறான். அந்தக் குடும்பத்தில் புத்தகம் சம்பந்தமாக யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் மைதிலியிடம்தான் வருவார்கள். அவளும் இதுவரை ஒருவரிடமும் 'தெரியாது' என்று சொன்னதில்லை.)

குமார்: அண்ணி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்.

மைதிலி: திருப்பியா? என் புத்தகத்தையா? (எழுந்தே விட்டாள்.) இந்த வீட்டு வாசலைத் தாண்டின புத்தகம் திரும்பி வர்றதை இப்பத்தான் பார்க்கிறேன். உட்காரு தம்பி.

குமார்: எங்க அண்ணி?

மைதிலி: அந்த ரஷ்யாக்காரரைக் கொஞ்சம் நகர்த்தி வை.

குமார்: டால்ஸ்டாயா? இப்போ இதைத்தான் படிக்கிறீங்களா?

மைதிலி: 'போரும் வாழ்வும்'. டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு. படிச்சிட்டே இருக்கேன்.

குமார்: எதுவரைக்கும் வந்திருக்கீங்க?

மைதிலி: கதை 1805ல ஆரம்பிக்குது. நெப்போலியன் மாஸ்கோவுக்குள்ள வர்றது 1812ல.

குமார்: நீங்க?

மைதிலி: நான் 1805லதான் இருக்கேன். என்ன அவசரம்? அவன் வர்றதுக்கு இன்னும் ஏழு வருஷம் கிடக்கு.

குமார்: அப்போ இந்த விஞ்ஞானி ஹாக்கிங்கோட புத்தகம்?

மைதிலி: அது தூங்குறதுக்கு முன்னாடி. 1988ல வந்த புத்தகம், காலத்தைப் பத்தி. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாக் குறையும்னு அவரைப் பயமுறுத்தியிருக்காங்க. அதனால மனுஷன் ஐன்ஸ்டைனோட சமன்பாடு ஒண்ணை மட்டும் வச்சுட்டு மத்ததை எல்லாம் விட்டுட்டார்.

குமார்: (கணக்கு ஆசிரியருக்கே உரிய ஆர்வத்தோடு) அது எத்தனாம் பக்கத்துல வருது?

மைதிலி: வரும். வராம எங்க போயிடும்? நீ உன் கதையைச் சொல்லு. நாவல் எப்படி?

குமார்: பிரமாதம் அண்ணி. நீங்க ரெண்டு தடவை படிச்சதா சொன்னப்போ கொஞ்சம் அதிகம்னு நினைச்சேன். இப்போ புரியுது.

மைதிலி: ரெண்டா சொன்னேன்? மூணு இருக்கும். வாசகர் கூட்டத்துல இதைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினவ நான். முடிவு எப்படின்னு ஒருத்தர் கேட்டார். கண்டிப்பா சொல்ல மாட்டேன்னுட்டேன். படிக்காதவங்களும் அங்க இருக்காங்கல்ல, அவங்க சுவாரஸ்யத்தைக் கெடுக்கலாமா?

(முடிவைச் சொல்லக் கூடாது என்ற நாகரிகத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியவில்லை. அவர் புண்ணியத்தில் எத்தனையோ பேர் மானத்தோடு நடமாடுகிறார்கள்.)

குமார்: எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அதைக் கேட்டுட்டுப் போயிடறேன்.

மைதிலி: தாராளமா.

குமார்: யார் செத்தது, அண்ணி?

மைதிலி: எங்க?

குமார்: கதையில. கல்யாணி கிணத்தடியில நின்னு அந்தக் கடிதத்தைப் பிரிக்கிறா. கொஞ்சம் தள்ளிப் பார்த்தா, 'இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் கிளம்பியிருந்தார்கள்'. யாருக்கு இறுதிச் சடங்கு?

மைதிலி: (ஜன்னல் பக்கம் பார்த்தபடி) நீ என்ன நினைக்கிறே?

குமார்: முதல்ல தாத்தாதான்னு நினைச்சேன். வீடே அழுது வடியுது. 'அவர் இருந்திருந்தா இப்படி நடக்குமா'ன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் தாத்தாவுக்காக நூறு பக்கம் வருத்தப்பட்டுட்டேன்.

மைதிலி: நல்ல வாசகன் நீ.

குமார்: 246ஆம் பக்கத்துல தாத்தா வந்து குடிக்கத் தண்ணி கேட்கிறார் அண்ணி.

மைதிலி: ஐயோ.

குமார்: ராத்திரி நேரம். வீட்டுல நான் மட்டும் முழிச்சிட்டு இருக்கேன். தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் ஓஹோ, இது பேய்க் கதையான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அதுக்கப்புறம் அறுபது பக்கம் அப்படித்தான் படிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, கனகச்சிதமாப் பொருந்துது. தாத்தா பேசினா யாரும் பதில் சொல்றதில்லை. அவர் வந்தா எல்லாரும் எழுந்து போயிடறாங்க.

மைதிலி: ஏன்?

குமார்: அவரை யாருக்கும் பிடிக்காது போல. அது எனக்கு 308ல தெரிஞ்சுது. ஒரு டாக்டர் வந்து அவருக்கு நாடி பார்க்கிறார். பேய்க்கு நாடி பார்க்கிறாரேன்னு ஒரு பக்கம் முழுக்க யோசிச்சேன். அப்புறம்தான், ஆளு உயிரோடதான் இருக்கார்னு ஒத்துக்கிட்டேன். சரி, அப்போ செத்தது யாரு? கடைசிப் பக்கம் வரைக்கும் வீட்டுல ஆள் எண்ணிட்டே போறேன். கணக்கு உதைக்குது.

மைதிலி: (தொண்டையைச் செருமிக்கொண்டு) தம்பி, பெரிய எழுத்தாளர்கள் இதையெல்லாம் உடைச்சுச் சொல்ல மாட்டாங்க. படிக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொருத்தர் சாகலாம்.

குமார்: உங்களுக்கு யார் செத்தாங்க?

மைதிலி: ஒவ்வொரு தடவையும் ஒருத்தர்.

குமார்: (கண்கள் விரிய) ஆழமா இருக்கே! அதே மாதிரி இன்னொரு உத்தியும் இருக்குல்ல? நடந்ததையே அப்படியே திரும்பச் சொல்றாரே, அந்த இடம்? சொல்லுக்குச் சொல், ஒரு காற்புள்ளி மாறாம. கல்யாணி ஒரு தடவை கடிதத்தை வாங்கிக் கிணத்தடிக்குப் போறா. மறுபடியும் வாங்கி மறுபடியும் போறா. கடிதம் வாங்கின அதிர்ச்சியில அவ மனசு அதே இடத்துல சுத்திச் சுத்தி வருதுன்னு ஓரத்துல பென்சிலால குறிப்புக்கூட எழுதியிருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க.

மைதிலி: சேச்சே. அந்த உத்தியைத்தான் நான் கூட்டத்துலயும் சொன்னேன். இது ஒண்ணும் புதுசில்லை. இத்தாலியில இத்தாலோ கால்வினோன்னு ஒருத்தர் 1979லயே பண்ணிட்டார். அந்த நாவல்ல ஒருத்தன் ஒரு புத்தகத்தைப் படிச்சிட்டு வருவான். 32ஆம் பக்கம் முடிஞ்சதும் மறுபடியும் 17ஆம் பக்கம் வரும்.

குமார்: அட! எதுக்காக?

மைதிலி: எதுக்குன்னா, அந்தப் பிரதியில பைண்டிங் தப்பா...

(பேச்சு அப்படியே நின்றது.)

மைதிலி: அந்தப் புத்தகத்தைக் கொடு.

(வாங்கிப் பக்க எண்களைப் புரட்டுகிறாள். 110, 111, 112. அடுத்தது 97. அங்கிருந்து விரலால் தள்ளிக்கொண்டே மறுபடியும் 112 வரை வருகிறாள். அடுத்த தாளில் 129.)

மைதிலி: குமாரு, இது உத்தி இல்லை. பைண்டரோட கைவரிசை. ஒரு ஃபாரம் பதினாறு பக்கம். பெரிய தாளா அடிச்சு, மடிச்சு, வரிசையா அடுக்கித் தைப்பாங்க. இங்க பாரு, முதுகை மேலிருந்து பார்த்தா சின்னச் சின்னக் கட்டா தெரியுதா? ஏழாவது கட்டை ரெண்டு தடவை எடுத்து வச்சுட்டு எட்டாவதை விட்டுட்டான். அதான் 113லிருந்து 128 வரைக்கும் காணோம். செத்தவர் அங்கதான் செத்திருக்கார். மர்மம் விலகிடுச்சு! எப்படிக் கண்டுபிடிச்சேன் பார்த்தியா?

குமார்: பிரமாதம் அண்ணி. (சற்று நேரம் கழித்து) அண்ணி...

மைதிலி: சொல்லு.

குமார்: மூணு தடவை படிச்சப்போ இது உங்க கண்ணுல படலையா?

(மைதிலி புத்தகத்தை மூடினாள். மறுபடி திறந்தாள்.)

மைதிலி: நான் படிச்சது வேற பிரதியா இருக்கும்.

குமார்: முதல் பக்கத்துல உங்க பேரு, தேதி எல்லாம் இருக்கு. உள்ளே நீங்க போட்ட அடிக்கோடுகூட இருக்கு. ரொம்ப அழகான அடிக்கோடு, அளவுகோல் வச்சுப் போட்டது. 9, 14, 22, 31, 38. அதோட சரி.

மைதிலி: அதுக்கப்புறம் அடிக்கோடு போடற மாதிரி வரி வரலை.

குமார்: ஜோர்டன் எலன்பெர்க்னு ஒரு கணித வல்லுநர் இருக்கார் அண்ணி, அமெரிக்காவுல. 2014ல அவர் விளையாட்டா ஒரு கணக்குப் போட்டார். மின்புத்தகத்துல நிறைய பேர் அடிக்கோடு போடற அஞ்சு வரியை எடுத்துக்கறது. அது வர்ற பக்கங்களோட சராசரி, மொத்தப் பக்கத்துல எத்தனை சதவீதம்னு பார்க்கிறது. எல்லாமே முன்பக்கத்துலயே இருந்தா, வாங்கினவங்க அதைத் தாண்டிப் போகலைன்னு அர்த்தம். அதுக்கு அவர் வச்ச பேரே ஹாக்கிங் குறியீடு. இதோ, நீங்க தூங்குறதுக்கு முன்னாடி படிக்கிறீங்களே, அந்தப் புத்தகத்துக்கு 6.6 சதவீதம் வந்துச்சு.

மைதிலி: பரவாயில்லையே.

குமார்: உங்களோடதையும் போட்டேன். அஞ்சையும் கூட்டினா 114, சராசரி 22.8. நாவல் 432 பக்கம். 5.3 சதவீதம்.

மைதிலி: நாவலைக் கொடுத்தா படிக்கணும். இப்படியா தணிக்கை பண்றது?

குமார்: ஹாக்கிங்கைவிடக் குறைவா வந்துடுச்சேன்னு எனக்கே சங்கடமாத்தான் இருக்கு.

மைதிலி: அந்தப் பட்டியல்ல பிக்கெட்டிங்கிற பொருளாதார அறிஞரோட புத்தகமும் இருந்துச்சே. அது 2.4தான். அதை ஏன் நீ சொல்லலை? கணக்கு எனக்கும் தெரியும்.

குமார்: அதைப் பத்தி எங்க படிச்சீங்க?

மைதிலி: ஒரு கட்டுரையில. சின்னக் கட்டுரை. முழுசா படிச்சேன்! (நிமிர்ந்து உட்கார்ந்து) இதோ பாரு தம்பி, டேனியல் பெனாக்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் 1992ல வாசகனோட உரிமைகள்னு பத்து எழுதி வச்சிருக்கார். முதல் உரிமை, படிக்காமலே இருக்கலாம். ரெண்டாவது, பக்கங்களைத் தாண்டிப் போகலாம். மூணாவது, முடிக்காம விடலாம்.

குமார்: முடிக்காததை மூணு தடவை முடிச்சதா சொல்ற உரிமை எத்தனாவது?

மைதிலி: பத்தாவது உரிமை, வாயைத் திறக்காம இருக்கிறது. அதை இப்போ நீ பயன்படுத்திக்கலாம்.

(குமார் பயன்படுத்திக்கொண்டான். மைதிலிக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.)

மைதிலி: சரி, விடு. உனக்குத்தான் பாவம், பதினாறு பக்கம் போச்சு. ஆனா பெரிய பெரிய புத்தகத்துக்கே இது நடந்திருக்கு. 1605ல 'டான் குயிக்சாட்' முதல் பதிப்பு வந்தப்போ, கதாநாயகனோட உதவியாள் சாஞ்சோவோட கழுதை திருட்டுப் போற இடமே அதுல இல்லை. திடீர்னு கழுதையைக் காணோம். அப்புறம் அதுபாட்டுக்கு வந்து நிக்குது. 1615ல ரெண்டாம் பாகம் வந்தப்போ சாஞ்சோவையே கேட்கிறாங்க. அவன் என்ன சொன்னான் தெரியுமா? எழுதினவர் தப்பா இருக்கும், இல்லைன்னா அச்சடிச்சவர் தப்பா இருக்கும்னுட்டான்.

குமார்: கழுதையாவது திரும்பி வந்துச்சு. வந்தது கழுதைதான்னும் எல்லாருக்கும் தெரிஞ்சுது. இங்க போனது யாருன்னே தெரியலையே அண்ணி.

மைதிலி: வேற பிரதி வாங்கி அந்தப் பதினாறு பக்கத்தைப் பார்த்துட்டாப் போச்சு.

குமார்: வேண்டாம்.

மைதிலி: ஏன்?

குமார்: (வெட்கத்தோடு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுக்கிறான்.) ஆசிரியர் அந்த இடத்தை வேணும்னே நமக்கு விட்டிருக்கார்னு நினைச்சுட்டேன். எங்க வினாத்தாள்ல வர்ற 'கோடிட்ட இடத்தை நிரப்புக' மாதிரி. அதான் நானே எழுதி நிரப்பிட்டேன்.

(மைதிலி வாங்கிப் படிக்கிறாள். முதல் தாளைச் சாய்ந்துகொண்டு படித்தாள். இரண்டாவதற்கு நிமிர்ந்துவிட்டாள். மூன்றாவதில் கல்யாணி கடிதத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வாளியை இறக்குகிறாள். எழுத்து கரைந்த தாள் தண்ணீரோடு மேலே வருகிறது, அதில் 'வராதே' என்ற ஒரு சொல்தான் மிச்சம். உள்ளே கைபேசி அடித்து ஓய்ந்தது. மைதிலி தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.)

மைதிலி: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) அப்போ செத்தது சித்தப்பாவா?

குமார்: ஆமா. அவர்தான் கடிதம் எழுதினவர். வீட்டுல ஒவ்வொருத்தரா கழிச்சுப் பார்த்தேன். மிஞ்சினது அவர் ஒருத்தர்தான்.

மைதிலி: நல்லா எழுதியிருக்கே குமாரு. நிஜமாவே. அசலைவிட நல்லா இருக்கு.

குமார்: எந்த அசலைவிட அண்ணி?

மைதிலி: பத்தாவது உரிமை.

குமார்: மன்னிச்சுக்கோங்க.

மைதிலி: இதை இப்படியே அந்த இடத்துல செருகி வச்சுடறேன். அடுத்த கூட்டத்துல இதைப் பத்திக் கொஞ்சம் பேசலாம்னு பார்க்கிறேன்.

குமார்: என் பேரைச் சொல்லிடாதீங்க.

மைதிலி: எட்டாவது ஃபாரம்னு சொல்லிக்கிறேன். அது கிடக்கட்டும், அடுத்து என்ன எடுத்துட்டுப் போறே? இதோ, இதைப் படிச்சுப் பாரு. 640 பக்கம். தவறவே விடக் கூடாத புத்தகம். கடைசி அத்தியாயம் மனசை உலுக்கிடும்.

(குமார் வாங்கினான். ஒன்றும் பேசாமல் பக்க எண்களைப் பதினாறு பதினாறாகத் தாண்டி, கடைசி வரை சரிபார்த்தான். பிறகு முதலிலிருந்து அடிக்கோடுகளைத் தேட ஆரம்பித்தான்.)

குமார்: அண்ணி, இதுல நீங்க எத்தனாம் பக்கம் வரைக்கும்...

மைதிலி: அதைச் சொன்னா உன் சுவாரஸ்யம் போயிடும் தம்பி. படிச்சுத் தெரிஞ்சுக்கோ.