பால்பல்லை எண்ணியவர்கள்

ஆகஸ்ட் 6 வந்தால் ஹிரோஷிமா படங்களும் காகிதக் கொக்குகளும் முகநூல் முழுக்க நிறைந்துவிடும். 9ஆம் தேதி நாகசாகி. 10ஆம் தேதி வேறு பேச்சு. அஞ்சலி செலுத்துவதில் தவறே இல்லை. ஆனால் அணு ஆயுத விஷயத்தில் சாதாரண மக்கள் எதையாவது உண்மையாகவே தடுத்து நிறுத்திய சமயங்களை எடுத்துப் பாருங்கள். அங்கெல்லாம் யாரோ பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள், வகை பிரித்திருக்கிறார்கள், அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958இல் தொடங்கிய பால்பல் கணக்கெடுப்பு அப்படிப்பட்ட வேலை. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் திறந்தவெளியில் குண்டு வெடித்துச் சோதனை செய்துகொண்டிருந்தன. வெடிப்பில் உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் வேதியியல்படி கால்சியத்துக்கு நெருங்கிய சொந்தம். மழையோடு புல்லில் இறங்கும், புல்லைத் தின்ற மாட்டின் பாலில் சேரும், பாலைக் குடித்த குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்கிவிடும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 29 ஆண்டு. இதை எப்படி நிரூபிப்பது? உயிரோடு இருக்கும் குழந்தையின் எலும்பை வெட்டிப் பார்க்க முடியாது. பால்பல் தானாகவே விழும். உயிரியலாளர் பேரி காமனரும் மருத்துவர் லூயிஸ் ரைஸும் ஊர்மக்களும் சேர்ந்து அதைக் கேட்டு வாங்கினார்கள்.

பல்லோடு கூட வந்த அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்த தேதி என்ன, கர்ப்ப காலத்தில் தாய் எங்கே இருந்தார், முதல் வருடம் குழந்தை எந்த ஊரில் வளர்ந்தது, தாய்ப்பாலா புட்டிப்பாலா. இந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. பால்பல்லின் மேற்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கி, பிறந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அது பெரிதாக எதையும் உள்ளே இழுப்பதில்லை. அதனால் ஏழு வயதில் விழும் பல், ஏழு வருடத்துக்கு முந்தைய பாலில் என்ன கலந்திருந்தது என்பதைச் சொல்லும். தேதியும் ஊரும் இல்லாவிட்டால் அதே பல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரே ஒரு பல்லில் உள்ள கதிரியக்கமோ அளக்கப் போதாத அளவு. ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், ஒரே வகைப் பல், ஒரே பால் பழக்கம் என்று சேர்த்துக் குவித்தால்தான் அளக்கலாம். முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் வெவ்வேறு மாதங்களில் உருவாகின்றன. இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பிவிடும். ஆயிரக்கணக்கான பற்களை இப்படிப் பிரிக்கும் வேலையில் எந்தக் கவர்ச்சியும் இல்லை. பல் கொடுத்த குழந்தைக்கு 'என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்' என்று எழுதிய பேட்ஜ் ஒன்று கிடைத்தது. 1970 வரை சேர்ந்த பற்கள் சுமார் 3.2 லட்சம்.

முதல் முடிவு 1961 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 1950களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் பற்களிலேயே ஸ்ட்ரான்சியம் ஏறிக்கொண்டு போனது தெரிந்தது. அதே மாதம் 1ஆம் தேதி அமெரிக்காவின் சுமார் 60 நகரங்களில் அணுச் சோதனையை எதிர்த்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்திருந்தார்கள். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் வளிமண்டலச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. பல் ஒன்றினாலேயே அது நடந்தது என்று சொன்னால் அது பொய். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி கொடுத்த அணுப்போர் பயம் இருந்தது, சோதனையை நிறுத்தக் கோரி வேதியியலாளர் லைனஸ் பாலிங் 11,000க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளிடம் வாங்கிய கையெழுத்து இருந்தது. ஆனாலும் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று சொன்ன அதிகாரிகளுக்கு எதிரே தாய்மார்கள் கையில் எண் இருந்தது.

அந்த வெற்றியிலேயே ஓட்டையும் இருந்தது. சோதனைகள் பூமிக்கு அடியில் போயின. உலகம் இதுவரை நடத்திய 2,000க்கு மேற்பட்ட சோதனைகளில் முக்கால்வாசி நிலத்தடியில் நடந்தவைதான். பால் சுத்தமானதும் கூட்டம் கலைந்தது. குண்டுகளோ பெருகி 1986இல் சுமார் 70,000 ஆயின. விஷத்தை அளந்தவர்கள் விஷத்தை நிறுத்தினார்கள். குண்டைத் தொடர்ந்து எண்ண அந்த அளவுக்கு ஆள் இல்லை. இன்று ஒன்பது நாடுகளிடம் இருக்கும் சுமார் 12,000 குண்டுகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் உறுத்துகிறது.

கையெழுத்து இயக்கம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தைச் சொல்வேன். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, எதிர்பார்த்த 6 மெகாடன்னைத் தாண்டி 15 மெகாடன்னாக வெடித்தது. அபாய எல்லை என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகில் 23 பேர் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா செப்டம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த சூரை மீனில் கதிரியக்கம் இருக்கிறது என்றதும் மீன் வியாபாரம் படுத்தது. மே மாதம் சுகினாமி பெண்கள் ஹைட்ரஜன் குண்டைத் தடை செய்யக் கோரும் மனுவோடு வீடு வீடாகப் போனார்கள். வட்டாரத்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்குள். இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் நாடு முழுக்க 3 கோடியைத் தாண்டியது.

அவர்கள் செய்ததில் கவனிக்க வேண்டியது மனுவின் வாசகத்தை. கட்சிப் பேச்சு கிடையாது. எந்த ஒரு நாட்டையும் சுட்டாமல், எல்லா நாட்டு அரசுகளையும் மக்களையும் பார்த்துப் பேசினார்கள். சில வருடம் கழித்து இதைக் கைவிட்டபோதுதான் அந்த இயக்கம் உடைந்தது. 1961இல் சோவியத் ஒன்றியம் இடையில் நிறுத்தியிருந்த சோதனையை மறுபடி தொடங்கியதும், 'எந்த நாட்டுச் சோதனையானாலும் எதிர்ப்பதா' என்ற கேள்வியில் சண்டை வந்து, 1965க்குள் தனித்தனி அமைப்புகளாகப் பிரிந்தார்கள். இன்று நீங்கள் ஒரு மனு எழுதினால் 'எந்த நாட்டுடையதானாலும்' என்ற வார்த்தையை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் தகராறுதான்.

இப்போது எண்ண வேண்டியது பணத்தை. ஏவுகணையும் நீர்மூழ்கியும் செய்யும் நிறுவனங்களுக்கு வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் கடன் கொடுக்கின்றன, பங்கு வாங்குகின்றன. நெதர்லாந்தின் ஏ.பி.பி. ஓய்வூதிய நிதி 2018 ஜனவரியில் அணு ஆயுத உற்பத்தியாளர்களிடமிருந்து விலகுவதாக அறிவித்தது. அதற்கு முன் உறுப்பினர்களும் அமைப்புகளும் வருடக்கணக்காக நச்சரித்தார்கள். 2021 ஜனவரி 22 முதல் அமலில் இருக்கும் ஐ.நா. அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 'எங்கள் பணம் எங்கே போகிறது' என்று கேட்பதை எளிதாக்கியிருக்கிறது.

உங்கள் வங்கிக்கு எழுதும்போது 'அமைதியை ஆதரியுங்கள்' என்று எழுதாதீர்கள். நன்றி சொல்லி ஒரு பதில் வரும், அதோடு முடிந்தது. முதலில் வங்கியின் இணையதளத்தில் ஆயுதக் கொள்கை என்ற ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் மூன்று இடத்தில் ஓட்டை இருக்கும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் அணு ஆயுத நாடுகள் என்று அங்கீகரித்த ஐந்து நாடுகளுக்காக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விதிவிலக்கு கொடுத்திருப்பார்கள். அல்லது குறிப்பிட்ட திட்டத்துக்கான கடனை மட்டும் தடுத்து, நிறுவனத்துக்கான பொதுக்கடனை விட்டிருப்பார்கள். பணம் ஒரே கல்லாவில்தான் விழும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாவது, வங்கியின் சொந்தப் பணத்துக்கு விதி இருக்கும், வாடிக்கையாளர் சார்பில் நிர்வகிக்கும் நிதிகளுக்கு இருக்காது. எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்டி, ஆமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். பதில் தர நான்கு வாரம் கெடு கொடுங்கள். நூறு பேர் ஒரே மின்னஞ்சலைப் படியெடுத்து அனுப்பினால் ஒரே புகாராகக் கட்டி ஒதுக்கிவிடுவார்கள். பத்து பேர் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதினால் பத்து பதில் எழுத வேண்டி வரும். அந்தப் பத்துக்குள் முரண்பாடு வந்தால், அடுத்த பங்குதாரர் கூட்டத்தில் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி தயார்.

அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, எந்தப் பிரிவிலிருந்து வந்தது, என்ன சொன்னார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. செயின்ட் லூயிஸில் 2001ஆம் ஆண்டு ஒரு கிடங்கில் சுமார் 85,000 பால்பற்கள் மிச்சமாகக் கிடைத்தன. அட்டைகளும் கூடவே இருந்தன. அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகிவிட்ட பிறகும், அந்த அட்டைகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தேடிப் போக முடிந்தது.