‘குழந்தை ஒத்துழைக்கவில்லை’

என் அக்கா மகனின் சிகிச்சைக் கோப்பில் இந்த வரி நான்கு இடத்தில் இருக்கிறது. அவனுக்கு மூளை முடக்குவாதம், மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை. அப்போது இரண்டரை வயது. விடியும் முன் எழுப்பி, இரண்டு பேருந்து மாறி நகரத்துச் சிகிச்சை மையத்துக்குப் போய், வரிசையில் காத்திருந்து அவன் முறை வருவதற்குள் தூங்கிப்போயிருப்பான். தட்டி எழுப்பிப் பாயில் கிடத்தினால் அழாமல் என்ன செய்வான்? அரை மணி நேரப் பயிற்சியில் முக்கால்வாசி அழுகையிலேயே போய்விடும். ஐந்தாவது மாதம் அக்கா போவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். மூத்தவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரவும் ஆள் கிடையாது. பிறகு கோப்பின் நகல் வாங்கியபோது கடைசிப் பக்கத்தில் பார்த்தோம்: ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை.’ அந்த வரியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு களப்பணியாளரும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். “முதல்ல நீங்க எப்பவும் போல சாப்பாடு ஊட்டுங்கம்மா, நான் பார்க்கிறேன்” என்றார். அக்கா அவனை மடியில் மல்லாக்கப் போட்டு, மேலிருந்து கரண்டியை வாய்க்குள் விட்டாள். தலை பின்னால் தொங்கியது. மூன்று வாய்க்கு ஒருமுறை இருமினான். அவர் பழைய போர்வை ஒன்றைச் சுருட்டிக் கழுத்துக்குப் பின்னால் அணை கொடுத்தார். இடுப்பை மடக்கி உட்காரவைத்து, தாடையைச் சற்றே கீழே இறக்கினார். கரண்டியை நெஞ்சு உயரத்தில் முன்னாலிருந்து கொண்டுவந்து, அவன் உதட்டை மூடும்வரை காத்திருந்தார். தலை பின்னால் சாய்ந்திருந்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு, அடிக்கடி வரும் நெஞ்சுச் சளிக்கு அது காரணமாக இருக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அன்று அவன் இருமியது இரண்டே தடவை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊட்டினாள்.

அத்தனை மாதம் மையத்துக்குப் போனோம், அவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அங்கே அவன் சாப்பிடுவதில்லையே, யார் கண்ணில் படும்?

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் மையத்தில் கிடைப்பது அரை மணி. மிச்ச நேரத்தில் குழந்தையை எப்படித் தூக்குகிறோம், எப்படிப் படுக்கவைக்கிறோம் என்பதெல்லாம் அவன் உடம்பை நல்லபடியாகவோ மோசமாகவோ மாற்றிக்கொண்டே இருக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் ஆரம்ப சுகாதாரச் சேவை வேண்டும் என்ற 1978 அல்மா ஆட்டா பிரகடனத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் ‘சமூகம் சார்ந்த மறுவாழ்வு’ என்று, அவரவர் வீட்டிலும் ஊரிலுமே பயிற்சி தருவதைத்தான் முன்வைத்தது. 2006இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு, இந்தச் சேவைகள் கூடிய சீக்கிரம் தொடங்க வேண்டும், கிராமம் உட்பட அவரவர் வாழும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் கிடைக்க வேண்டும் என்கிறது. உலகில் குறைபாடுள்ள குழந்தைகள் கிட்டத்தட்ட 24 கோடிப் பேர் என்று யுனிசெஃப் 2021இல் கணக்கிட்டது. இத்தனை பேரையும் பேருந்து ஏற்றி நகரத்து மையங்களுக்கு வரவைக்க முடியுமா?

‘நிபுணர் அல்லாதவர் கையில் குழந்தையை விடுவதா?’ என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவுகளின்படி, குழந்தையின் போக்கறிந்து பெற்றோர் பேசுவதும், குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியிருந்தன. எல்லா அளவீட்டிலும் முன்னேற்றம் இல்லை என்பதும் உண்மை. வலிப்புக்கு மருந்து, இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று பார்க்க எக்ஸ்ரே, செவித்திறன் சோதனை இதற்கெல்லாம் மருத்துவமனை வேண்டும்தான். களப்பணியாளருக்குப் பின்னால் ஒரு நிபுணர் இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு உள்ள பயம் வேறு. ‘சமூகம் சார்ந்த’ என்று சொல்லிவிட்டு மொத்தப் பாரத்தையும் அம்மாக்கள் தலையில் இறக்கிவிடுவார்கள். அக்காவிடம் முன்பு ஒரு தாள் கொடுத்தார்கள், பதினான்கு பயிற்சி, தினம் இரண்டு வேளை. சமைத்து, துவைத்து, வேலைக்கும் போகிற ஒருத்தி அதை எப்போது செய்வாள்? வீட்டுக்கு வந்தவரோ குளிப்பாட்டும்போது ஒன்று, சட்டை மாட்டும்போது ஒன்று, அவ்வளவுதான் சொன்னார். அப்புறம், “உங்களுக்கு என்ன நடந்தா நிம்மதி?” என்று கேட்டார். நாங்கள் சாப்பிடும்போது அவனும் எங்களோடு உட்கார வேண்டும் என்றாள் அக்கா. அட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி அவனுக்கென்றே ஒரு நாற்காலி செய்தார்கள். அதில் அவன் உட்கார்ந்தான்.

இந்த வேலையைத் தொண்டு என்றோ மூன்று வருடத் திட்டம் என்றோ நடத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதச் சம்பளத்தோடு நிரந்தரப் பணியிடமாக வேண்டும். எங்களுக்கு வந்தவரின் திட்டம் போன வருடம் முடிந்துவிட்டது. அவனுக்கு இப்போது ஏழு வயது, நாற்காலி இடுப்பைப் பிடிக்கிறது. நேற்று அக்காவே நூல் வைத்து அளந்து, அந்தக் களப்பணியாளருக்குப் போனில் அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.